காற்றுக்காரியின் சட்டை

முறித்த பிளேட் பாதியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்திருந்த கை, அக்குள் தையலில் மூன்று இழைக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டு போனது. மற்றக் கை துணியை விரித்துப் பிடித்தது. அறுந்த நூலின் முனையை ஊசியால் கிளப்பி இழுத்தபோது, ஒரு சாண் நீளத்துக்கு அது ஒரே ஓட்டமாக உருவி வந்தது. துணி நீலம். அவுரியில் மூன்று தரம் தோய்த்து நிழலில் உலர்த்தியது. துணியை இழுத்தால் தையல் துளை பெரிதாகும், பிறகு எந்த நூலாலும் அதை மறைக்க முடியாது. ஆகவே நூல்தான் இழுபட வேண்டும், துணி அசையக் கூடாது. ஒன்பது மணியளவில் சட்டையின் இரண்டு கைகளும் கழன்று மேசையில் தனியாகக் கிடந்தன.

மூன்று கிழமையாகத் தைத்த சட்டை அது. தைத்தவளும் பிரித்தவளும் ஒருத்தியே. கொழும்புத்துறையில் கடற்கரையில் இருந்து இரண்டாவது ஒழுங்கையில் குடியிருக்கும் சிசிலியா. வயது ஐம்பத்தாறு. அந்தப் பக்கத்துச் சனம் அவளைப் பெயர் சொல்லித் தேடுவது குறைவு. 'மாதாவின்ரை தையல்காரி வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கே நாலடி உயரத்தில் மரத்தால் செய்த மாதா சுரூபம். இடது கையில் பாலன், வலது கை முன்னுக்கு நீட்டியபடி. ஆவணித் திருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் புதுச் சட்டையும் மேற்போர்வையும் தைத்து உடுத்துவார்கள். முன்பு தைத்துக்கொண்டிருந்தவர் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போனபின், இருபத்திரண்டு வருடமாக அது சிசிலியாவின் பொறுப்பு. திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் பீடத்துக்கு முன்னால் திரை கட்டுவார்கள். ஆண்கள் எல்லாரும் வெளியே போவார்கள். சிசிலியாவும் துணைக்கு இரண்டு பெண்களும் மட்டும் திரைக்கு உள்ளே நின்று உடுத்துவார்கள். கடைசித் தையல் சுரூபத்தின் மேல் வைத்தே போடப்படும். திரை விலகும்போது வாசலில் நிற்கிற சனம் முதலில் மாதாவைப் பார்க்கும், பிறகு சிசிலியாவைப் பார்க்கும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவளை எல்லாரும் பார்ப்பது.

தையல் அவளுக்கு எவரும் படிப்பித்ததில்லை. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து மிருசுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, நிவாரணமாக வந்த உடுப்பு மூட்டையில் அவளுக்கு ஒரு வெளிநாட்டுக் கோட்டு கிடைத்தது. அந்த வெக்கைக்கு அதைப் போட முடியாது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எதோடு சேர்ந்தது என்று கரித்துண்டால் அடையாளம் போட்டு, திரும்பவும் கையால் தைத்து முடித்தாள். மூன்றாம் தரம் தைத்தபோது அது முதலில் வந்தது போலவே இருந்தது. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, பழைய கை மெசின் ஒன்றை வாங்கி, பீடத்துணி, குருமாரின் பூசை உடுப்பு, முதன்முதல் நற்கருணை வாங்குகிற முதல்நன்மைப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, சுற்றிவர உள்ள ஐந்தாறு கோயில்களின் சுரூப உடுப்பு என்று தைக்கத் தொடங்கினாள். பிளவுஸும் கவுணும் தைக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். இவளுக்குக் கோயில் வேலையே போதும் போதுமென்று இருந்தது.

மிரியம் வந்தது வைகாசி மாதத்தில். மானிப்பாய்ப் பக்கம், பாட்டன் காலத்திலேயே மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். முப்பது வயது இருக்கும். 'பண்ணைக்கரைப் பெண்கள்' என்று ஒரு தொலைக்காட்சி நாடகம் எடுக்கிறோம், நான் அதற்கு உடுப்புப் பொறுப்பு என்றாள். டச்சுக்காரரான ஒல்லாந்தர் ஆண்ட காலத்துக் கதை. யாழ்ப்பாணக் கரையில் நாலு பெண்கள். ஒருத்தி தொட்டால் காய்ச்சல் இறங்கும். ஒருத்திக்குக் கோட்டைக்குள் கதைப்பது வெளியில் கேட்கும். ஒருத்தி தண்ணீருக்குள் மூச்சுவிடுவாள். நாலாவது ஆள் காற்றுக்காரி. இரண்டு கையையும் தூக்கினால் காற்று வரும், இறக்கினால் நிற்கும். ஒல்லாந்தச் சிப்பாய்கள் அந்த நாலு பேரையும் தேடிக்கொண்டு திரிகிறார்கள்.

போன வருடத் திருநாளுக்கு வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் மாதாவின் உடுப்பை மிரியம் கண்டிருக்கிறாள். துணி கல்லில் செதுக்கியது போல விழுந்து நின்றதாம். அதே மாதிரித்தான் காற்றுக்காரிக்கும் வேண்டும் என்றாள். கழுத்தும் தோளும் கையும் அப்படியே, நிறம் மட்டும் அவுரி நீலம்.

அந்தக் காலத்தில் இங்கே யார் இப்படி உடுத்தது என்று சிசிலியா கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை அக்கா," என்றாள் மிரியம். "கையைத் தூக்கிக் காத்தைக் கூப்பிட்டவையும் ஒருத்தரும் இல்லைத்தானே."

அந்தப் பதில் சிசிலியாவுக்குப் பிடித்தது. ஒப்புக்கொண்டாள்.

கணவன் கனிசியஸ் நண்டு வலைக்காரன். கதையைக் கேட்டுவிட்டு, அப்படி ஒருத்தி இருந்தால் மீனவர் சங்கத்தில் சேர்த்துவிடலாம், டீசல் மிச்சம் என்றான். அதோடு அவன் வேறு அபிப்பிராயம் சொல்லவில்லை.

அபிப்பிராயம் சொன்னவர் பிலிப்பு. சிற்றாலயத்தின் மூப்பர். திருநாள் அலுவல் எல்லாம் அவர் கையால்தான் நடக்கும். கெட்டவர் அல்ல. சைக்கிளில் வந்து, படலையில் நின்று, செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். நீலத்துணி கொடியில் காய்ந்த முதல் கிழமையே வந்தார். மாதாவுக்குத் தைக்கிற கையால் சூனியக்காரிக்குத் தைப்பது சரியில்லை என்று சனம் கதைக்கிறது என்றார்.

"சனம் எண்டா ஆர்?" என்று கேட்டாள் சிசிலியா.

"நானும் சனம்தானே அக்கா."

இந்த வருடப் போர்வைத் துணி நோர்வேயில் இருந்து ஒரு குடும்பம் அனுப்பி, தன் வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்றும், நாடகவேலை வீட்டில் இருக்கும்வரை அதை இங்கே கொண்டுவர முடியாது என்றும் சொன்னார். பங்குத்தந்தை ஒன்றும் சொல்லவில்லை, திருநாள் ஒழுங்கை மூப்பர்தான் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டாராம். துணியைத் தையல்காரியிடம் ஒப்படைப்பது ஒரு ஞாயிறு இரண்டாம் பூசை முடிவில், காலை எட்டு மணியளவில் நடக்கும். பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்கள். அதற்குமுன் இந்த வேலை வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றார். அதற்குமுன் முடிந்துவிடும் என்று சிசிலியா சொன்னாள். அப்போது அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சட்டையை நல்லூருக்குக் கொண்டுபோனாள். நாடகக்காரர் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காற்றுக்காரியாக நடிப்பவள் ஜெயனி, சுன்னாகத்தில் நடனம் படிப்பிக்கிற பெண். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோளில் இருந்து கீழ்க்கரைவரை ஒரு மடிப்பும் பிழையாக விழவில்லை. இயக்குநர் சுஜீவன் இரண்டு தரம் சுற்றிவந்து பார்த்தான். பிறகு காற்றைக் கூப்பிடச் சொன்னான்.

ஜெயனி கைகளைத் தூக்கினாள். நெஞ்சுமட்டம்வரை வந்தன. அதற்குமேல் தூக்கியபோது கைகள் உயரவில்லை, சட்டைதான் உயர்ந்தது. இடுப்பு நெஞ்சுக்கு ஏறியது, சட்டையின் கழுத்து அவள் நாடியில் வந்து முட்டியது, கீழே அவளுடைய காற்சட்டை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் முயன்றாள். அக்குளில் தையல் நெறுநெறுத்தது.

"மாதா மாதிரி நிக்கிறா அன்ரி," என்றான் சுஜீவன். "ஆனா காத்து வராது."

சிசிலியாவுக்கு அந்த இடத்திலேயே பிழை விளங்கிவிட்டது. சுரூபம் கையைத் தூக்காது. ஆகவே சுரூபத்துக்குத் தைக்கிற சட்டைக் கையில் தூக்குவதற்கு இடம் விடுவதில்லை. விட்டால் அக்குளில் துணி குவியும், அழகு கெடும். இருபத்திரண்டு வருடம் அந்த இடத்தைக் குறைத்துக் குறைத்தே அவள் கை பழகியிருந்தது. முதல்நன்மைப் பிள்ளைகளும் கைகூப்பிக்கொண்டுதான் நடப்பார்கள். ஜெயனியை அளவெடுத்த அன்றும், அசையாமல் நில்லுங்கோ பிள்ளை என்று சொல்லி, தொங்குகிற கையைத்தான் அளந்தாள்.

மிரியம் அவளைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தாள். குற்றம் என்மேல்தான், மாதா சட்டை போல என்று கேட்டது நான்தான் என்றாள். ஞாயிறு பின்னேரம் கடற்கரையில் படப்பிடிப்பு, சோளகக் காற்று ஓய்வதற்குள் எடுக்க வேண்டும், துணியும் மிச்சமில்லை. கொழும்பில் ஆயத்தமாக ஒரு நீலச் சட்டை இருக்கிறது, இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம், அக்கா கவலைப்படாமல் வீட்டுக்குப் போகலாம் என்றாள். உண்மையான அன்போடுதான் சொன்னாள். அந்த வழியால் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் சிசிலியாவுக்குத் தெரிந்தது. பிலிப்பு சொன்ன ஒப்படைப்பும் அதே ஞாயிறுதான். சட்டை இவர்களோடு நின்றுவிட்டால் வீட்டில் நாடகவேலை இல்லை. போர்வைத் துணி வழக்கம்போல அவள் கைக்கு வரும்.

சிசிலியா சட்டையை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"ஞாயிறு எட்டரைக்கு வானை அனுப்புங்கோ," என்றாள்.

அப்படித்தான் சனிக்கிழமை காலை அந்தச் சட்டை கையில்லாமல் மேசையில் கிடந்தது.

அக்குள் குழியை இன்னும் கீழே வெட்டிப் பெரிதாக்கினால் கை தூக்கலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிசிலியாவும் பழைய கட்டில்விரிப்பு ஒன்றில் அப்படி வெட்டி, தானே போட்டுப் பார்த்தாள். முன்னைவிட மோசமாக முழுச் சட்டையும் மேலே ஏறியது. கழற்றிவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கொடியில் கனிசியஸ் கடலுக்குப் போடுகிற சேட்டுகள் காய்ந்தன. வலை இழுக்கிறவர்களின் சேட்டு எல்லாம் ஒரே இடத்தில்தான் கிழியும், அக்குளில். கிழியக் கிழிய அந்த இடத்தில் அவள் ஒரு சதுரத் துண்டைச் சரித்து வைத்து, நாலு முனையும் நாலு பக்கம் பார்க்கத் தைப்பாள். அப்படித் தைத்த சேட்டு திரும்பக் கிழிவதில்லை. எழும்பிப் போய் ஒன்றை எடுத்து உட்புறம் திருப்பிப் பார்த்தாள். தான் தைத்ததைத் தானே முதல்தரம் பார்ப்பது போலப் பார்த்தாள்.

குழியைப் பெரிதாக்கக் கூடாது, உடம்போடு ஒட்ட மேலே ஏற்ற வேண்டும், தூக்குவதற்கு வேண்டிய துணியை அந்தச் சதுரம் கொடுக்கும். கட்டில்விரிப்பில் இரண்டாம் தரம் தைத்துப் போட்டு யன்னல் மேற்சட்டத்தைத் தொட்டாள். தோள் அசையவில்லை.

நீலத்துணிக்கு எங்கே போவது? சுரூபச் சட்டைக்குக் கீழ்க்கரை ஆறு அங்குலம் மடிப்பார்கள், பாரத்துக்கு நேராகத் தொங்கட்டும் என்று. பழக்கத்தில் இதற்கும் அப்படியே மடித்திருந்தாள். மடிப்பைப் பிரித்து நாலங்குலத்தை வெட்டி எடுத்தாள். குழியை மேலே ஏற்றுகிற துண்டுக்கும் இரண்டு சதுரத்துக்கும் மட்டுமட்டாகக் காணும்.

பத்தரைக்கு ஜெயனி ஸ்கூட்டியில் வந்தாள். சிசிலியா அழைத்திருந்தாள். இந்தத் தரம் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லி, தூக்கிய கையில் அளவெடுத்தாள். சட்டையைப் போட்டு, சதுரத்தைக் குண்டூசியால் பிடித்து, இறக்காதேங்கோ என்றாள். கொஞ்ச நேரத்தில் ஜெயனியின் விரல்கள் நடுங்கத் தொடங்கின.

"அன்ரி, ஒல்லாந்தனே என்னைப் பிடிச்சாலும் இப்பிடி நிப்பாட்டி வைக்கமாட்டான்."

"கதைச்சா நெஞ்சு அசையும். கதையாதேங்கோ."

அப்போது படலையில் செருமல் கேட்டது. பிலிப்பு உள்ளே வந்தார். வந்தவர், நீலச் சட்டையோடு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி நிற்கிற பெண்ணைக் கண்டு, செருப்பைக் கழற்ற மறந்து நின்றார். ஜெயனி கையை இறக்காமலே தலையை மட்டும் ஆட்டி வணக்கம் சொன்னாள். சிசிலியாவின் உதடுகளுக்கு இடையில் நாலு குண்டூசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி முடித்தபின்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

பிலிப்பு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நாளைக்குப் பங்குத்தந்தையிடம் தையல்காரியின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றார். சட்டை சரிவரவில்லை, அவர்கள் கொழும்பில் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதுவும் நல்லதுக்குத்தான் என்றார்.

"நாளைக்குக் காலமை இதைக் குடுக்கிறன்," என்றாள் சிசிலியா.

"குடுக்கிறது எண்டா? பிரிச்சபடி திருப்பிக் குடுக்கிறதோ, தைச்சுக் குடுக்கிறதோ?"

"தைச்சு."

"அக்கா, அவையே வேண்டாம் எண்டு விட்டிட்டினம். நீங்கள் ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? விட்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

"கை தூக்கேலாத சட்டை ஒண்டை நான் தைச்சுப் போட்டன் பிலிப்பு. அதை அப்பிடியே விடேலாது."

பிலிப்பு நிலத்தைப் பார்த்தார். "அப்ப நான் றொசாந்தியின்ரை பேரைத்தான் சொல்ல வேணும். வேறை வழியில்லை. ஒருக்கா அவளுக்குப் போனா, பிறகு திருப்பிக் கேக்க ஏலாது. தெரியுந்தானே?"

தெரியும். முன்பு தைத்தவர் கனடாவில் இருந்து ஒரு வருடம் விடுமுறைக்கு வந்து ஆசைப்பட்டபோது, இப்போது சிசிலியாதான் என்று சொல்லி அனுப்பியவரும் இதே பிலிப்புதான். றொசாந்தி பக்கத்து ஒழுங்கை. முப்பத்தைந்து வயது. சுத்தமாகத் தைப்பாள்.

சிசிலியா ஜெயனியின் இடது அக்குளில் இன்னொரு ஊசி குத்தினாள். அதற்குத்தான் அவளுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது போல இருந்தது.

"றொசாந்தியிட்டைச் சொல்லுங்கோ," என்றாள். "சுரூபத்தின்ரை வலது மணிக்கட்டிலை மரம் வெடிச்சிருக்கு. வெளியிலை தெரியாது. துணி அதிலை கொழுவி இழை இழுபடும். உள்ளுக்கு வழுவழுத்த துணி ஒரு துண்டு வைச்சுத் தைக்கச் சொல்லுங்கோ. பிறகு, இடது தோள் வலதை விட அரை அங்குலம் பதிஞ்சு இருக்கு. ரெண்டையும் ஒரே அளவிலை வெட்டினா போர்வை சரியும்."

பிலிப்பு சட்டைப்பையில் இருந்து பேனையையும் திருநாள் துண்டுப்பிரசுரம் ஒன்றையும் எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினார். மணிக்கட்டு வலதா இடதா என்று ஒரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

"இனி இறக்குங்கோ பிள்ளை," என்றாள் சிசிலியா. ஜெயனி கைகளை இறக்கி, முழங்கையைத் தேய்த்தபடி அவளையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

அன்று பகல் முழுக்கத் தைத்தாள். சதுரத்தை மெசினில் போடவில்லை. நாலு முனையும் கூடுகிற இடம் ஒரு இழை பிசகினாலும் சுருங்கும் என்பதால் கையாலேயே பின்தையல் போட்டாள். கையைத் திரும்பப் பொருத்தி, உள்விளிம்பை மடித்து அழுத்தினாள். பின்னேரம் கனிசியஸ் வந்து பார்த்துவிட்டு, கரையைக் கிள்ளித் தூக்கினான்.

"என்னப்பா, கீழை பாரமில்லை. சோளகத்துக்கு இது தலைக்குமேலை போகும்."

அவன் சொன்னது சரி. மடிப்பில் வெட்டி எடுத்ததால் வந்த குறை. கனிசியஸ் பழைய வலை ஒன்றை இழுத்துப் போட்டு, அதில் இருந்து சின்ன ஈயங்களைக் கழற்றத் தொடங்கினான். வலையை நிலத்தில் இருத்துகிற ஈயம், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. நாற்பது கழற்றினான். சிசிலியா கரை மடிப்புக்குள் ஒரு சாணுக்கு ஒன்றாக வைத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு மூடினாள். மிஞ்சியதை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அவள் கடலுக்கை நிண்டா தாண்டு அடிக்குப் போவாள்," என்றான் கனிசியஸ்.

"கரையிலைதான் நிக்கிறாளாம்."

பிலிப்பு வந்துபோனதை அப்போதுதான் அவனுக்குச் சொன்னாள். கனிசியஸ் வலையைச் சுருட்டி முடித்தான். பிறகு, திருநாளன்று நான் கடலுக்குப் போகப் போகிறேன் என்றான். திருநாளன்று ஒருத்தரும் தொழிலுக்குப் போவதில்லை, நீங்களும் போகக் கூடாது, வழக்கம்போலக் கோயிலுக்குப் போவோம் என்றாள் சிசிலியா.

ஞாயிறு அவர்கள் இருவரும் முதலாம் பூசைக்கே போய்வந்தார்கள். வந்து, சிசிலியா சட்டைக்கு ஒருதரம் இலேசாக இஸ்திரி போட்டு, வெளிச்சத்தில் பிடித்து எல்லாத் தையலையும் பார்த்தாள். இடது அக்குளின் உள்ளே நூல் முனை ஒன்று நீண்டு நின்றது. கத்தரிக்கோலை எடுத்தபோது சிற்றாலயத்தின் ஒலிபெருக்கி இரண்டாம் பூசையின் முடிவு அறிவித்தல்களைச் சொல்லத் தொடங்கியது. ஞாயிறுப் பள்ளி நேரம் மாறியது. கொடியேற்றத்துக்கான உபயகாரர் பெயர்கள். பிறகு, திருச்சுரூபத்தின் இவ்வருடப் போர்வைக்கான துணியைப் பெற்றுக்கொள்ள, சகோதரி றொசாந்தி பீடத்தருகே வருமாறு. கனிசியஸ் எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனான். சிசிலியா நூலை வெட்டி, வெட்டிய முனையை விரலால் தடவிப் பார்த்தாள். உறுத்தவில்லை.

வான் ஒன்பதுக்குத்தான் வந்தது. மிரியமே இறங்கி வந்தாள். கொழும்புச் சட்டையையும் எடுப்பித்து வைத்திருக்கிறேன், எதற்கும் ஒரு பாதுகாப்புக்கு என்று கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னாள். அது நல்லதுதான் என்றாள் சிசிலியா. மிரியத்தைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவள் உடுப்புக்கு மேலாலேயே நீலச் சட்டையைப் போட்டு, முதுகு நாடாக்களைக் கட்டினாள்.

"தூக்குங்கோ."

மிரியம் இரண்டு கைகளையும் முழுதாகத் தூக்கினாள். விரல்கள் கூரையோரத்தை நோக்கி நீண்டன. சிசிலியா குனிந்து கரையைப் பார்த்தாள். அது பாதத்துக்கு மேலே நின்ற இடத்திலேயே நின்றது. எழும்பி இடுப்பைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். இறக்கச் சொன்னாள், திரும்பவும் தூக்கச் சொன்னாள், ஒரு கையை மட்டும் தூக்கச் சொன்னாள். மிரியம் சொன்னதெல்லாம் செய்தாள்.

நாடாக்களை அவிழ்த்து, சட்டையை உருவி எடுத்து, கையும் கையும் பொருந்தும்படி நீளமாக ஒரு மடிப்பு மடித்தாள். கழுவுகிறது என்றால் ஈயத்தை முதலில் கழற்ற வேண்டும் என்றும், கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பிக் காயவிட வேண்டும் என்றும் சொன்னாள். இரண்டு கையாலும் ஏந்தி மிரியத்திடம் கொடுத்தாள்.